கைபேசிச் சுரங்கத்தில் எதை முதலில் மேம்படுத்துவது?

மாலையில் திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து நாகர்கோவில் பக்கம் புறப்படும் ரயில்களில், பணி முடிந்து வீடு திரும்புவோர் சிலர் கைபேசியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். திரையில் சிறு மனிதர்கள் குந்தாலியால் பாறையைக் கொத்துகிறார்கள், கனிமம் மேலே வருகிறது, விற்பனையாகிறது, மூலையில் உள்ள எண் ஏறிக்கொண்டே போகிறது. கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டாலும் எண் ஏறும். அதனால்தான் இவ்வகைக்கு ‘ஐடில்’ விளையாட்டு என்று பெயர். சும்மா இருந்தாலும் வருமானம் வரும் என்பது பொருள். இவற்றுள் பரவலாக அறியப்பட்டது ‘ஐடில் மைனர் டைகூன்’. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் மாணவர் சிலர் சேர்ந்து 2016ஆம் ஆண்டு வெளியிட்டது. அவர்களுடைய நிறுவனம் பின்னர் பெர்லினுக்கு இடம்பெயர்ந்து, கோலிப்ரி கேம்ஸ் எனப் பெயர் மாறி, 2020இல் பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் வசம் சென்றது.

வங்கியின் இதழில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த விளையாட்டில் ஆடுபவருக்கு இருக்கும் வேலை உண்மையில் ஒன்றுதான்: கையிலுள்ள பணத்தை அடுத்து எதில் போடுவது என்று முடிவெடுப்பது. கடன் கேட்டுக் கிளைக்கு வரும் சிறுவணிகரும் அதே முடிவோடுதான் வருகிறார். வணிகவியல் பட்டப்படிப்பில் மூலதனச் செலவுத் திட்டமிடல் என்று ஒரு முழுப் பாடமாக நாங்கள் படித்ததை, இந்த விளையாட்டு பத்து நிமிடத்தில் விரல்நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அதன் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இந்தச் சுரங்கத்தில் மூன்று உறுப்புகள் உள்ளன. பூமிக்கடியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோண்டும் தளங்கள் முதலாவது. தளந்தோறும் நின்று கனிமத்தை ஏற்றிக்கொண்டு மேலே வரும் மின்தூக்கி இரண்டாவது. மேலே வந்ததைச் சுமந்து சென்று காசாக்கும் கிடங்கு மூன்றாவது. ஒவ்வொன்றையும் காசு கொடுத்து மேம்படுத்தலாம். விளையாடுவோர் மொழியில் ‘அப்கிரேடு’. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாளரை நியமித்தால், நாம் தொடாமலே அது இயங்கும்.

தொடக்கக்காரர்கள் பெரும்பாலோர் தளங்களிலேயே பணத்தைக் கொட்டுகிறார்கள். காரணம் எளிது: தோண்டுவதுதான் கண்ணைக் கவருகிறது. ஆனால் வருமானத்தை நிர்ணயிப்பது மூன்றில் எது மிகச் சிறியதோ அதுவே. வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வயலுக்குப் பாயும் நீர் மடையின் அளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. தளங்கள் எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு 1,200 காசு மதிப்புள்ள கனிமத்தைத் தோண்டுகின்றன. மின்தூக்கி 800 ஏற்றுகிறது. கிடங்கு 1,000 சுமக்கிறது. வருமானம் நிமிடத்துக்கு 800 மட்டுமே. இப்போது திரையில் மூன்று மேம்பாடுகள் கிடைக்கின்றன. தளத்துக்கு 6,000 காசு செலவிட்டால் 400 கூடும். மின்தூக்கிக்கு 9,000 செலவிட்டால் 300 கூடும். கிடங்குக்கு 5,000 செலவிட்டால் 300 கூடும். விலையைப் பார்த்தால் கிடங்கு மலிவு; விலையையும் திறனையும் வகுத்துப் பார்த்தால் தளம் லாபம், 15 நிமிடத்தில் போட்ட பணம் திரும்புவதுபோல் தோன்றும். இரண்டுமே ஏமாற்று. தளத்தை உயர்த்தினால் மின்தூக்கியின் வாசலில் குவியல்தான் பெரிதாகும். வருமானம் ஒரு காசும் ஏறாது. கிடங்கை உயர்த்தினாலும் அதே கதை. மின்தூக்கியை உயர்த்தினால்தான் பணம் அசையும். அங்கும் 300 முழுதாகக் கிடைக்காது. மின்தூக்கி 1,100 ஏற்றினாலும் கிடங்கு 1,000தான் சுமக்கும். ஆகவே கூடுவது 200. ஒன்பதாயிரத்தை இருநூறால் வகுத்தால் 45 நிமிடம். இதுவே உண்மையான மீளும் காலம். மின்தூக்கியை உயர்த்திய மறுகணமே கிடங்கு இடுக்காகிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இடுக்கு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது.

கணக்குப் போடாமலே இடுக்கைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. தளங்களில் கனிமம் குவிந்து கிடந்தால் மின்தூக்கி போதவில்லை. மின்தூக்கியின் தலைமாட்டில் குவிந்தால் கிடங்கு போதவில்லை. மின்தூக்கி பாதி வெறுமையாகத் திரும்பினால் மட்டுமே தளங்களில் பணம் போடலாம். குவியல் எங்கே, காத்திருப்பவர் யார் என்று பார்ப்பதுதான் முறை. இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1984இல் ‘தி கோல்’ என்ற நாவலில் தொழிற்சாலைக்குச் சொன்ன பாடமும் இதுவே.

உண்மையான சுரங்கத்திலும் இதைக் காணலாம். நெய்வேலியில் 1957 மே 20 அன்று பணி தொடங்கியது. முதல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில். மண்ணை வாரும் பெரிய இயந்திரங்களை வாங்கி நிறுத்தினால் மட்டும் அங்கே நிலக்கரி கிடைத்துவிடாது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேலுள்ள மண்ணை அகற்ற அகற்ற, அந்த நீர் படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்தை மூழ்கடிக்கும் அபாயம் உண்டு. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகே ஆழத்தில் கைவைக்க முடியும். நெய்வேலியின் இடுக்கு தோண்டும் திறனில் இருக்கவில்லை. நீர் இறைப்பில் இருந்தது.

எங்கள் ஊர்க் கதை இன்னும் அண்மையது. விழிஞ்ஞம் துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கி நான்கு ஆண்டுகளில் முடிய வேண்டியது. இயற்கையான ஆழம் இருந்தது. ஆனால் அலைதடுப்புச் சுவருக்குக் கொட்டப் பாறைக்கல் போதவில்லை. 2017இல் ஒக்கி புயலும் சேர்ந்துகொண்டது. கல் வந்து சேரும் வேகமே துறைமுகம் எழும் வேகமாயிற்று. முதல் பெட்டகக் கப்பல் ‘சான் பெர்னாண்டோ’ 2024 ஜூலையில்தான் வந்தது. துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாலராமபுரம் வரையிலான ரயில் இணைப்பு அப்போது உருவாகியிருக்கவில்லை. ரயில் இல்லாத துறைமுகமா என்று கேட்டவர்கள் உண்டு. விழிஞ்ஞத்தின் தொடக்க வணிகம் பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குப் பெட்டகம் மாற்றுவது. அந்த வணிகத்துக்குக் கப்பல்துறையும் பாரந்தூக்கிகளும் இடுக்கு. ரயில் இடுக்கு அன்று. உள்நாட்டுச் சரக்கு பெருகும்போது ரயிலும் சாலையும் இடுக்காகும். எது முதலில் என்பதற்கு விடை, அன்று எந்தச் சரக்கு நகர்கிறது என்பதைப் பொறுத்தது.

இடுக்கை அறிந்தபின் அடுத்த கேள்வி எழுகிறது. உண்மையிலேயே வருமானம் கூட்டக்கூடிய மேம்பாடுகள் இரண்டு இருந்தால் எதை முதலில் வாங்குவது? மீளும் காலம் குறைந்ததை வாங்கு என்று பாடப்புத்தகம் சொல்லும். கையில் பணம் இருக்கும்போது அது சரி. பணத்தை இனிமேல்தான் சேர்க்க வேண்டும் என்றால் அது தவறிப்போகலாம்.

வருமானம் நிமிடத்துக்கு 400, கையிருப்பு எதுவும் இல்லை என்று கொள்வோம். முதல் மேம்பாட்டின் விலை 2,000. கூடும் வருமானம் 100. மீளும் காலம் 20 நிமிடம். இரண்டாவதன் விலை 12,000; கூடும் வருமானம் 800; மீளும் காலம் 15 நிமிடம். பாடப்புத்தகப்படி இரண்டாவதுதான் முதலில். அதற்குக் காசு சேர 30 நிமிடம் ஆகும். பிறகு நிமிடத்துக்கு 1,200 வருவதால் சிறியதை இரண்டு நிமிடத்துக்குள் வாங்கிவிடலாம். மொத்தம் ஏறத்தாழ 32 நிமிடம். மாற்றிச் செய்து பார்ப்போம். சிறியதை 5 நிமிடத்தில் வாங்கிவிடுகிறோம். வருமானம் 500 ஆகிறது. பெரியதற்கு 24 நிமிடம். மொத்தம் 29. சிறியதை முதலில் வாங்கியவர் மூன்று நிமிடம் முந்துகிறார்.

ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு காலங்கள். விலையை இப்போதைய வருமானத்தால் வகுத்தால் சேர்க்கும் காலம். விலையைக் கூடுதல் வருமானத்தால் வகுத்தால் மீளும் காலம். இரண்டையும் கூட்ட வேண்டும். சிறியதற்கு 5உம் 20உம் சேர்ந்து 25. பெரியதற்கு 30உம் 15உம் சேர்ந்து 45. கூட்டுத்தொகை குறைந்தது முதலில். இரண்டு மேம்பாடுகளுக்கு இடையே எந்த வரிசையில் போனால் இரண்டும் விரைவில் கைக்கு வரும் என்பதை இந்தக் கூட்டல் பிழையின்றிச் சொல்லிவிடும். இயற்கணிதம் அறிந்த பிள்ளைகளிடம் கொடுத்தால் கால்மணி நேரத்தில் நிரூபித்துக் காட்டுவார்கள். வருமானம் சிறிதாக இருக்கும்வரை சேர்க்கும் காலம் ஓங்கி நிற்கும், சிறியவை முந்தும். வருமானம் பெருகியபின் மீளும் காலம் மட்டுமே பேசும். ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே முதலீட்டு அறிவுரை பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலைகள் ஏறும் விதத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். இவ்வகை விளையாட்டுகளில் ஒரே உறுப்பை மீண்டும் மீண்டும் உயர்த்தும்போது விலை ஒவ்வொரு படியிலும் ஒரு சதவீத அளவில் கூடும். 2013இல் வந்த ‘குக்கி கிளிக்கர்’ என்ற முன்னோடி விளையாட்டில் அது 15 சதவீதம். வங்கியாளருக்குப் பழக்கமான 72 விதியைப் போட்டுப் பார்க்கலாம்: 72ஐ 15ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5. ஐந்து படிக்கு ஒருமுறை விலை இரட்டிப்பாகும். ஐம்பது படி ஏறினால் ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். கூட்டு வட்டி நமக்கு எதிராக நின்றால் எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டக் கடன் அட்டையின் மாதப் பட்டியலால் மட்டுமே முடியும்.

விலை இப்படி ஏறும்போது திறன் சிறுகச் சிறுகவே கூடுகிறது. எனவே ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவரின் மீளும் காலம் நீண்டுகொண்டே போகும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. குறிப்பிட்ட சில படிகளை எட்டும்போது திறன் ஒரே தாவலாக உயரும். 20ஆம் படியில் நிமிடத்துக்கு 200 தோண்டும் தளம், படிக்குப் பத்துப் பத்தாகக் கூடி, 25ஆம் படியில் இருமடங்காகும் என்று கொள்வோம். ஐந்து படிகளின் விலை 1,000இல் தொடங்கி 15 சதவீதமாக ஏறினால் மொத்தம் ஏறத்தாழ 6,740. படிகளைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் 100 முதல் 175 நிமிடம் வரை கேட்கும், யாரும் வாங்கமாட்டார்கள். ஐந்தையும் ஒரு கட்டாகப் பார்த்தால் 200 என்பது 500 ஆகிறது. 22 நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். பாதியில் நிறுத்துவதுதான் நட்டம். இருபத்துமூன்றாம் படியில் நின்றவர் பணம் கட்டியும் பலன் காணாதவர். கூரை போடாமல் நின்றுபோன வீட்டுக்கு வாடகை வராது.

மேலாளர் நியமனம் எப்போது? என் தீர்ப்பு: உறங்கப் போகும் முன் மூன்று உறுப்புகளுக்கும் மேலாளர் இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் சங்கிலி அங்கே அறும்.

விளையாட்டில் ‘பிரெஸ்டீஜ்’ என்றொரு கட்டம் உண்டு. இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு அதே சுரங்கத்தை முதலிலிருந்து தொடங்கினால், வருமானம் பன்மடங்காகும் உரிமை கிடைக்கும். அதை நெருங்கும்போது ஒரு கேள்வி போதும்: இன்னும் எவ்வளவு நேரம் இந்தச் சுரங்கத்தில் இருக்கப்போகிறேன்? அதைவிட நீண்ட மீளும் காலம் உள்ள எதையும் தொடக்கூடாது. பதினோரு மாத ஒப்பந்தத்தில் எடுத்த வாடகைக் கடைக்குத் தரையில் கிரானைட் பதிக்கும் வணிகரைப் பார்த்து நாம் கேட்கும் அதே கேள்விதான்.

இக்கணக்கு சாலைக் கடைத்தெருவில் அப்படியே செல்லுபடியாகும். இட்லி மாவு அரைத்து விற்கும் கடைக்காரர் ஒருவர் இரண்டாவது அரவை இயந்திரத்துக்குக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் விலைப்பட்டியலுக்கு முன் நான் கேட்க விரும்புவது, இருக்கும் இயந்திரம் நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதே. காலை நான்கு மணி நேரம் ஓடி, மாவு வைக்கக் குளிர்ப்பெட்டியில் இடமில்லாததால் நிறுத்தப்படுகிறது என்றால், வாங்க வேண்டியது குளிர்ப்பெட்டி. மாவு மாலையில் மிஞ்சுகிறது என்றால் குளிர்ப்பெட்டியும் வேண்டாம். வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க ஓர் ஆளும் ஒரு வண்டியும் போதும். தவறான இயந்திரம் விளையாட்டில் சில நிமிடங்களை மட்டுமே தின்னும். இங்கே இயந்திரம் சும்மா நின்றாலும் தவணை மாதந்தோறும் வரும்.

வீட்டுக் கணக்கிலும் மேம்பாடு என்பது புதிதாக வாங்குவதாகவே இருக்க வேண்டியதில்லை. கடன் அட்டை நிலுவைக்கு மாதம் 3 சதவீதம் வட்டி என்று கொண்டால், 10,000 ரூபாயை அதில் கட்டுவதால் மாதம் 300 ரூபாய் மிஞ்சும். மீளும் காலம் 33 மாதம். அதே தொகையை ஆண்டுக்கு 7 சதவீத வைப்பில் போட்டால் 14 ஆண்டு. வைப்புத்தொகை திரட்டுவது என் பணியின் ஒரு பகுதி என்றாலும், இந்த வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஓரிடத்தில் மட்டும் விளையாட்டைப் பின்பற்றக்கூடாது. சுரங்க விளையாட்டில் கையிருப்பை வைத்திருப்பது வீண். உறங்கும் முன் கடைசிக் காசுவரை செலவிடுவதே திறமை. காரணம், அங்கே யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை, மழையில் சுவர் இடிவதில்லை. வீட்டில் ஆறு மாதச் செலவுக்கான தொகை சும்மா கிடக்க வேண்டும். அது சும்மா கிடப்பதே அதன் வேலை.

விளையாட்டிலிருந்து உண்மைப் பணத்துக்குச் செல்லும் வாசல்கள் இரண்டு. முதலாவது வெளிப்படையானது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு விளையாட்டுக்குள்ளேயே உயர்வகைக் காசு ரூபாய்க்கு விற்கப்படுகிறது. வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம்; வரிசை அறிந்து ஆடுபவருக்குத் தேவை குறைவு. ஆனால் பெற்றோரின் கைபேசியில் பிள்ளைகள் ஆடும் வீடுகளில், செயலி அங்காடியின் அமைப்பில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவைப்பது நலம். சந்தாவாக ஒப்புக்கொண்ட தானியங்கிப் பற்றுகளுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி, 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படாது. 24 மணி நேரம் முன்னதாகக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும்; அதைப் படிக்காமல் நீக்குபவர்கள்தாம் மாதக் கடைசியில் கிளைக்கு வருகிறார்கள்.

இரண்டாவது வாசல் கொடியது. சுரங்க விளையாட்டின் முகமூடியை அணிந்து வரும் மோசடிச் செயலிகள் இவை. ‘மைனிங்’ என்ற அதே சொல், ஏறும் எண், மேம்படுத்து என்ற பொத்தான் எல்லாம் இருக்கும்; போடுவது மட்டும் உண்மை ரூபாய். எச்.பி.இசட். டோக்கன் என்ற செயலி, பிட்காயின் முதலிய மறையீட்டு நாணயங்களை ஈட்டும் ‘சுரங்க இயந்திரங்களில்’ முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டியது. நாகாலாந்தின் கோகிமா சைபர் குற்றப்பிரிவு பதிந்த வழக்கின் அடிப்படையில் அமலாக்கத் துறை இதை விசாரித்தது. அத்துறை வெளியிட்ட செய்திப்படி, 57,000 ரூபாய் முதலீட்டுக்கு நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வீதம் மூன்று மாதம் தருவதாக வாக்களிக்கப்பட்டது. பணம் வந்தது ஒரே ஒருமுறை. பின்னர் மேலும் பணம் கேட்கப்பட்டது.

நாம் பழகிய கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். 57,000ஐ 4,000ஆல் வகுத்தால் பதினான்கே கால் நாள். மூன்று மாதத்தில் 3,60,000 ரூபாய். பதினைந்து நாளில் தன் விலையை ஈட்டித் தரும் இயந்திரம் ஒருவரிடம் இருந்தால், அவர் அதை முன்பின் அறியாத நமக்கு ஏன் விற்கிறார்? அவருக்கு 57,000 ரூபாய்தான் தேவை என்றால் இன்னொரு பதினைந்து நாள் காத்திருந்தால் போதுமே. நெய்வேலியில் முதல் நிலக்கரிக்கே நான்கு ஆண்டு ஆயிற்று. கைபேசி விளையாட்டில் 15 நிமிட மீளும் காலத்துக்குப் பழகிய விரலுக்கு 15 நாள் என்பது நீண்ட காலமாகத் தோன்றிவிடுகிறது; மோசடிக்காரர் நம்பியிருப்பது அந்தப் பழக்கத்தையே.

இத்தகைய செயலிகளில் முதலில் சிறு தொகை திரும்பி வரும். அது லாபம் அன்று. தூண்டிலில் கோத்த புழு. அதன்பின் பெரிய தொகை கட்டி ‘உயர் படி’க்கு ஏறுமாறு செய்தி வரும், எடுக்க முயன்றால் வரி கட்டு, திறப்புக் கட்டணம் கட்டு என்பார்கள். அந்நிலையில் இன்னொரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்து, பரிவர்த்தனை எண்களோடு உடனே கிளையையும் அணுகுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம். விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று உறங்கப் போக வேண்டாம்.